அமாவாசைக்கு மறுநாள் மான் பந்தலில்

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் குளித்தேன். முந்தின நாள் உடுத்தித் துவைக்காமல் வைத்திருந்த சீருடையையே மறுபடி மாட்டிக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் இல்லை, பூ இல்லை. பால் சேர்க்காத காப்பி அரை டம்ளர். செல்போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினேன். மூன்று வாரமாக என் காலை இப்படித்தான் தொடங்கியது. அன்றைக்கு ஒன்றுதான் வேறு. மற்ற நாட்களில் தீவனம் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்று கயிற்றை இழுக்க வேண்டும்.

புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கயிற்றைப் பிடிப்பீர்கள். வலை கட்டுவது எப்படி, அனுமதி வாங்குவது எங்கே என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கயிறு கையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் வனவராக இருந்தவள். வீடு சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் பக்கம். மான்களைப் பிடித்து இடம் மாற்றும் வேலைக்காகக் கடலூருக்கு வெளியே, திருவதிகைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு பழைய மில் காலனியில், காலியாகக் கிடந்த வீட்டில் தங்கியிருந்தேன். மில் மூடிப் பல காலம் ஆகிறது. மேனேஜர் பங்களாவுக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் ஏழெட்டுப் புள்ளிமான்களை அழகுக்காக வளர்த்திருக்கிறார்கள். ஒரு புயலில் வேலி சாய்ந்தது. அதை நிமிர்த்த மில்லில் யாரும் மிச்சமில்லை. வீடுகளை வெளியாட்கள் வாங்கிக் குடிவந்தபோது மான்களும் தெருவில் குடியிருந்தன. நான் போனபோது அறுபதைத் தாண்டியிருந்தன.

அந்தக் காலனியின் மரங்கள் எல்லாவற்றுக்கும் அடிக்கிளைகள் ஒரே உயரத்தில் முடிந்திருக்கும், யாரோ நூல் பிடித்துக் கத்தரித்தது போல. மான் பின்னங்கால்களில் நின்று எட்டக்கூடிய உயரம் அது. அதற்குக் கீழே ஓர் இலை கிடையாது. புல் இல்லை, செடி இல்லை. காயப்போட்ட புடவையின் முந்தானையைத் தின்னும். பால் பாக்கெட்டின் காலி உறையைத் தின்னும். குட்டிகளை நாய்கள் இழுத்துப்போயின. வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு நர்சம்மா மான் குறுக்கே பாய்ந்ததில் காறை எலும்பு முறிந்து கிடந்தார். அதற்குப் பிறகுதான் மான்களை மேற்கே ஒரு காப்புக்காட்டுக்குக் கொண்டுபோக உத்தரவு வந்தது.

இத்தனைக்கும் அது பார்க்க அழகாக இருந்த இடம். தை மாதப் பனியில் ஷட்டில் காக் மைதானத்தில் முப்பது மான்கள் படுத்திருக்கும். வெள்ளைக் கோடுகளுக்கு உள்ளே சில, வெளியே சில. நான் நடந்து போகும்போது காதுகள் மட்டும் திரும்பும். குழாயடியில் குடம் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் ஒரு மான் அதில் வாய் வைத்துக்கொண்டு நிற்கும். சில நாட்களில் நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மானைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, மயக்க ஊசி போடவும் கூடாது; பயத்திலேயே செத்துவிடும். அதனால் பந்தல் கட்டினோம். காலனிக்குப் பின்னால் தரிசு நிலத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பச்சை நிழல்வலை இரு பக்கமும். முன்னால் அகலமாகத் திறந்த வாய், போகப்போகக் குறுகல், கடைசியில் லாரியின் பின்கதவு. உள்ளே கடலைக்கொடியும் தண்ணீரும் வைத்து, தினமும் தானாக வந்து தின்றுபோகப் பழக்க வேண்டும். ஒருநாள் எல்லாமும் உள்ளே இருக்கும்போது வாயில் தொங்கும் திரையைக் கயிற்றால் இழுத்து மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த மூன்று வாரமும் பந்தலுக்குப் பக்கத்தில் பேசக் கூடாது, இருமக் கூடாது; சோப்பு, எண்ணெய், பூ வாசனை ஆகாது, செருப்புச் சத்தமும் ஆகாது. பேச்சைக் கையாலும் கண்ணாலும் நடத்தினோம். வெயில் ஏறும்போது வலை வழியாக உள்ளே விழும் வெளிச்சம் பச்சையாக இருக்கும். மான்கள் அதில் நடந்தால் குளத்துக்கு அடியில் நடப்பது போல இருக்கும்.

எங்களுடன் சிதம்பரத்திலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்துகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். காலையில் வந்ததும் வலையில் இருக்கும் ஓட்டை வழியாகக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒரே கேள்விதான் கேட்பார்:

"இன்னைக்கு எது நடக்கலைக்கா?"

என்ன நடந்தது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். எது நடக்கவில்லை என்று சொல்ல, வழக்கமாக என்னென்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரம் எனக்குப் பதிலே வரவில்லை. அப்புறம் வந்தது. பெரிய ஆண்மான்கள் வாய்க்குள் கால் வைக்கவில்லை. குட்டி போட்ட இரண்டு பெண்மான்கள் வரவில்லை. தண்ணீர் தொட்டியை இடம் மாற்றியதிலிருந்து யாரும் குடிக்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு டாக்டர் டீ குடிக்கப் போய்விடுவார். நான் நாள் முழுக்க அதை மென்றுகொண்டிருப்பேன்.

நாள் குறித்தது எங்கள் ரேஞ்சர். அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலை. இருட்டான இரவுகளில் மான்கள் தெருவிளக்கை விட்டு நகராது, பந்தலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பது கணக்கு. லாரிகள் வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்தன. திங்கட்கிழமை வேறொரு வேலைக்குத் திரும்ப வேண்டியவை. மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டால் மான்களை லாரியில் ஏற்ற முடியாது. அதனால் அந்தச் சனிக்கிழமையை விட்டால் அடுத்த ஆண்டுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எல்லா விதத்திலும் யோசித்துக் குறித்த நாள் அது. நாங்கள் அமாவாசையை வானத்தில் பார்த்தோம். காலனியில் அதை அடுப்படியில் பார்ப்பார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவும் தை அமாவாசை.

பனி கலையும் நேரத்தில் நான் பந்தல் வாயின் ஓரத்தில், வலைக்கு வெளியே, கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் எங்கள் வாட்சர்கள் இரண்டு பேர், ஏழுமலையும் குமரேசனும். குமரேசனின் அக்காவைக் கட்டியவர் ஏழுமலை. பேசக் கூடாத இடத்தில் இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது பெரிய தவறு என்று ரேஞ்சர் தினமும் சொல்வார். அன்றைக்கும் கிசுகிசுப்புக் கேட்டது.

"மாமா, நேத்து அக்கா எத்தினி வடை குடுத்துச்சு?"

"ரெண்டு."

"எனக்கு நாலு."

"உன் அக்காளை நீயே வெச்சிக்கடா மச்சான்."

அப்போது மான்கள் வந்தன.

முதலில் ஐந்தாறு. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம். அதற்கும் பின்னால், அதுவரை ஒருநாளும் வாயைத் தாண்டாத ஆண்மான்கள். எல்லாமும் வந்தன. வரிசையாக, தலையைத் தாழ்த்தி, அவசரமில்லாமல். என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வலைக்கு அந்தப் பக்கம் உடம்புகள் உரசிக்கொண்டு போயின. குளம்புச் சத்தம் கூடக் கேட்கவில்லை. மூன்று வாரமாக நான் கண்ட கனவு கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. குட்டிகளும் உள்ளே போய்விட்டன. வெளியே ஒன்றும் இல்லை. பச்சை வெளிச்சத்தில் அறுபது மான்களும் மெல்ல மடங்கிப் படுத்தன.

கம்பு நட்டுக் கட்டியிருந்த பரணில் இருந்த ரேஞ்சர் பச்சைத் துண்டைத் தூக்கினார். இழு என்று அர்த்தம்.

கயிற்றை முறுக்கிப் பிடித்தேன். ஓர் இழுப்பு போதும். மூன்று வாரம், இத்தனை பேர், இத்தனை லாரி, எல்லாம் அந்த ஓர் இழுப்பில் முடிந்துவிடும். ஆனால் கை உடனே இழுக்கவில்லை. டாக்டரின் கேள்வி வந்து நின்றது. எது நடக்கவில்லை?

எந்த மானும் காலைத் தரையில் தட்டவில்லை. புது இடத்துக்கோ கூட்டத்துக்கோ வந்தால் ஒன்றாவது தட்டும். ஒரு வாலும் தூக்கவில்லை. கடலைக்கொடி போட்டது போட்டபடி கிடந்தது. ஆனால் தண்ணீர் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்துப் படுத்திருந்தன; அது அடி தெரியக் காலியாகியிருந்தது. கடைசியாக வாய்களைப் பார்த்தேன். படுத்த மான் அசைபோடும். வேறு வேலையே அதற்கு இல்லை. அங்கே படுத்திருந்த அறுபதில் ஒரு தாடை கூட அசையவில்லை. அப்போதுதான் வாசனையும் வந்தது. பனியோடு கலந்து லேசாக, இட்லிமாவு அதிகம் புளித்துப் பொங்கி வழிந்தால் வருமே, அந்த வாசனை.

ரேஞ்சர் இரண்டாம் முறை துண்டைத் தூக்கினார். நான் கையைக் குறுக்காக அசைத்தேன். மூன்றாம் முறை தூக்கி உதறினார். எனக்கு என் கையின் மீதே நம்பிக்கை இல்லை. கயிற்றைச் சுருட்டித் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பரணிலிருந்து இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். கோபத்திலும் மெதுவாகத்தான் பேசினார்.

"என்னம்மா, கை மரத்துப்போச்சா?"

"சார், இதுங்க தானா வரலை. நோவுல வந்திருக்குதுங்க."

"அறுபதுக்கும் சேர்த்தா நோவு?"

டாக்டர் லாரிப் பக்கத்திலிருந்து குனிந்தபடியே வந்தார். நான் மான்களின் வாயைச் சுட்டிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலைக்கு அடியில் கையை விட்டுச் சாணத்தை எடுத்தார். மான் புழுக்கை உருண்டை உருண்டையாக, காய்ந்து இருக்கும். அவர் கையில் இருந்தது குழைந்து கிடந்தது. அதை விரலால் பிரித்து ரேஞ்சரிடம் காட்டினார். உள்ளே சோற்றுப் பருக்கைகள்.

"அமாவாசைப் படையல் சார்," என்றார். "பச்சரிசிச் சோறு வயித்துல புளிச்சி அமிலமாயிடுச்சி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எனக்கு இதே கேஸுதான் ஜாஸ்தி வரும். இப்ப லாரியில ஏத்துனா, அங்க போய்க் கதவைத் தொறக்கறப்ப பாதிதான் எறங்கும்."

ரேஞ்சர் பந்தலைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். காலை பத்து மணிக்கு மேலதிகாரிகள் கொடியசைக்க வருவதாக இருந்தது. அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால் நான் கயிற்றின் மேல் அல்ல, அவர் கழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"வர்றவங்ககிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"மானுங்களுக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லுங்க சார்."

சிரிப்பா எரிச்சலா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. பிறகு, "உன்னை நம்பி அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு லாரிகளைத் திருப்பப் போனார்.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். ஒரு வேலை கைகூடாமல் இழுத்தடிக்கும்போது எல்லோருமே ஜாக்கிரதையாக இருப்போம். அது திடீரென்று, நினைத்ததைவிட அழகாகக் கைகூடும்போதுதான் யாரும் கேள்வி கேட்பதில்லை. அன்றைக்கு அந்த மான்களிடம் நான் கண்ட சாந்தம் நோயின் சாந்தம். பழக்கத்தில் வரும் சாந்தமும் அதுவும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

லாரி போனதோடு விஷயம் முடியவில்லை. டாக்டர், லாரியில் ஏற்றாவிட்டாலும் திரையை மூடிவிடலாம் என்றார். திறந்து விட்டால் மறுபடி வீட்டு வாசல்களுக்குப் போகும். முந்தின நாள் மிச்சச் சோறு அங்கே இருக்கும். இன்னும் ஒரு வாய் தின்றாலும் பிழைக்காது. அவர் சொன்னது சரிதான். ஆனால் திரை விழுந்ததும் மிரண்டு வலையில் மோதி ஓடும் என்பதும் எனக்குத் தெரியும். திடமான மான் ஓடி, களைத்து, நின்றுவிடும். வயிறு உப்பிய மான் ஓடினால் விழும். ஆளுக்கு ஒரு நியாயத்தோடு கொஞ்ச நேரம் நின்றோம். கடைசியில் பந்தலைத் திறந்தே வைப்பது, காலனி வீடுகளின் கதவுகளைச் சாத்தச் சொல்வது என்று முடிவானது.

நான் வீடு வீடாகப் போனேன். போகும் வழியில் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். எந்த வாசலிலும், மானுக்குச் சோறு போட்டீர்களா என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். டாக்டருக்கு வேண்டியது, என்ன தின்றன, எவ்வளவு தின்றன என்கிற விவரம். அதனால் பக்கத்து வீட்டுக்காரி போல, "நேத்து என்ன சமையல்?" என்று கேட்டேன். எல்லாம் வந்தது. சோறு, வடை, பாயசம், வாழைக்காய், பூசணிக்காய். அந்தக் காலனியில் மாடு கிடையாது, அதனால் மாட்டுக்குக் கொடுக்க வேண்டிய அகத்திக்கீரையை எப்போதும் மானுக்குத்தான் கொடுப்பார்கள். அதில் கெடுதல் இல்லை. இந்த முறை, மான்கள் நாளைக்குப் போய்விடுமே என்று கீரையோடு இலையில் இருந்ததையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் மஞ்சள் குங்குமத்தோடு தாம்பாளத்தில் வைத்திருக்கிறார்கள், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல.

மூலை வீட்டு ஸ்டெல்லா டீச்சர் சொன்னார்: "நாங்க அமாவாசை பாக்கிறதில்லைங்க. ஆனா எல்லாரும் குடுக்கறப்ப நாம சும்மா இருந்தா நல்லா இருக்காதுன்னு, ஒரு டஜன் பன்னு வாங்கியாந்து போட்டோம்."

கடைசியாகப் போனது பாலசுந்தரம் வீட்டுக்கு. காலனிச் சங்கத்தின் செயலாளர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். மான்களைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து பேசியவர் அவர்தான். காரணத்தை அவராகச் சொன்னதில்லை, அவர் மனைவி சரோஜா முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிவிட்டார். பாலசுந்தரம் தன் அப்பா இறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் மதில் மேல் காக்காவுக்குச் சோறு வைப்பாராம். காக்கா வரும் முன்னால் காது கிழிந்த ஒரு மான் வந்து அதைத் தின்றுவிடுமாம். துரத்திப் பார்த்தார். அடுத்த மாதமும் அதே மான். அதற்கடுத்த மாதமும் அதேதான். பிறகு அவர் துரத்துவதை விட்டுவிட்டார். "எங்க மாமனாரு வந்திருக்காருன்னு வெச்சிக்குங்க," என்று சரோஜா சிரித்தார். "ஆனா பொட்டை மானா வந்திருக்காரு. உயிரோட இருந்தப்ப அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்காத மனுஷன்."

அன்றைக்கு சரோஜா சிரிக்கவில்லை. நான் கேட்கும் முன்பே, செய்ததை வரிசையாகச் சொன்னார். பாலசுந்தரம் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"காது கிழிஞ்சதுக்கு எவ்ளோ வெச்சீங்க சார்?" என்று கேட்டேன்.

"தலைவாழை இலை முழுசா வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டாந்தரமும் கேட்டுச்சு. வெச்சேன். போற எடத்துல யாரு வெக்கப்போறாங்க, மேடம்."

இரண்டு இலை என்று குறித்துக்கொண்டேன்.

"செத்துடுமா?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான். பிழைத்துவிடும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டிருப்பார். அன்று எனக்கு உட்காரும் ஆட்கள் வேண்டியிருக்கவில்லை. மான்கள் தண்ணீரை மட்டும் குடிக்கின்றன, அதில் ஆப்ப சோடா கலந்து வைத்தால் வயிற்றுப் புளிப்பு அடங்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், கிலோ கணக்கில் வேண்டும் என்றேன். அவர் சட்டையைக் கூட மாற்றாமல், பனியனோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கடலூர்க் கடைகளிலிருந்த ஆப்ப சோடா முழுக்க அன்று எங்கள் காலனிக்கு வந்தது என்று நினைக்கிறேன். ஒரு கடைக்காரர், என்னா மாமா, ஊருக்கே பஜ்ஜியா என்று கேட்டிருக்கிறார். ஏழுமலையும் குமரேசனும் குடம் குடமாகக் கரைத்துத் தொட்டிகளை நிரப்பினார்கள். தொட்டி காலியாகக் காலியாக நிரப்பினார்கள். அந்தப் பகல் முழுக்க அவர்கள் இருவருக்கும் நடுவில் கேலி ஒன்றுமில்லை. ரேஞ்சர் கூட அதைக் கவனித்தார்.

அன்றைய மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை. தெருக்கள் எல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன. எல்லா கேட்டும் சாத்தியிருந்தது. வழக்கமான நேரத்துக்குச் சில மான்கள் தள்ளாடிக்கொண்டு பந்தலிலிருந்து வந்து, வழக்கமான வாசல்களில் நின்றன. ஒவ்வொரு ஜன்னல் திரைக்குப் பின்னாலும் ஒரு முகம். யாரும் வெளியே வரவில்லை, யாரும் ச்சூ என்று விரட்டவும் இல்லை. மான்கள் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றன, மனிதர்கள் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் மட்டும் நகர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, தெரு நடுவில் நடந்து, தொட்டிக்குப் போயின.

தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இளம் ஆண்மான் படுத்தது, எழவில்லை. கொம்பில் இன்னும் மெத்தென்ற தோல் உரியாத வயது. டாக்டர் அங்கேயே வயிற்றைத் திறந்து பார்த்தார். ரேஞ்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். ரேஞ்சர் அதிக நேரம் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் இதே கதிதானா?" என்று கேட்டார். ராத்திரி தாண்டினால் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

புதைக்கும் இடத்துக்குக் காலனிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவர்களிடம் அப்போது ஏதாவது கடுமையாகச் சொல்ல வேண்டும் என்று குமரேசனுக்கு வாய் துடித்தது தெரிந்தது. நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அன்பாகச் செய்த காரியம் கொன்றுவிட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதை இன்னொருவர் வாயால் கேட்டுவிட்டால், கேட்டவருக்கு நம் மீது கோபம் வந்துவிடும். கோபம் வந்த பிறகு அவர் கேட்டைச் சாத்தி வைக்க மாட்டார். எங்களுக்கு அன்று கேட்டுகள் சாத்தியிருக்க வேண்டும்.

பாலசுந்தரம் மண்வெட்டியை வாங்கினார், கடைசி மண்ணை அவர்தான் தள்ளினார். செத்தது எது என்று அவர் முன்பே குனிந்து காதைப் பார்த்திருந்தார், கிழிசல் இல்லை. ஆனாலும் அவர் முகத்தில் நிம்மதி எதுவும் இல்லை.

இருட்டும்போது அன்றைய குறிப்பை எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கத்தில் மான்கள் வரிசையாக என் அறைக்குள் வந்து கட்டிலைச் சுற்றிப் படுத்தன. வாய்களைப் பார்க்கப் பயந்து நான் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். அது கனவு என்று கனவிலேயே தெரிந்திருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கதவைத் திறந்தால் வெளியே பாலசுந்தரம் நின்றிருந்தார். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. அவரும் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கவில்லை, செருப்பைக் கையில் பிடித்திருந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வெளியாட்களைப் பந்தலுக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்பது விதி. வாங்க என்று கையசைத்தேன்.

பனி முந்தின நாளைவிட அடர்த்தியாக இருந்தது. பந்தலின் வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக உடம்புகள் படுத்திருந்தன. எத்தனை உயிர், எத்தனை சவம் என்று தெரியவில்லை. டாக்டர் ஏற்கெனவே வலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்து ஓட்டைக்கு முன்னால் இடம் விட்டார்.

நான் பாலசுந்தரத்தை அங்கே உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

வெளிச்சம் மெதுவாகத்தான் ஊறியது. முதலில் வலை பச்சையானது. பிறகு மான்களின் முதுகுப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அருகில் படுத்திருந்த ஒரு பெண்மானின் காது அசைந்தது, ஈ ஓட்டியது. கிழிந்த காது. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. பாலசுந்தரத்தின் மூச்சு எனக்குக் கேட்டது. என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும்.

அந்த மானின் கழுத்தில், தோலுக்கு அடியில், எலுமிச்சை அளவு ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தொண்டையைத் தாண்டியது. தாடை ஒரு பக்கமாக அசைந்தது, மறுபக்கம் வந்தது. மென்றது. விழுங்கியது. சற்று நிறுத்தி, அடுத்த உருண்டை ஏறியது.

அதற்குப் பின்னால் இன்னொரு தாடை. அதற்கும் பின்னால், வலையின் கடைசி வரைக்கும், இங்கொன்றும் அங்கொன்றுமாக.

பாலசுந்தரம் ஓட்டையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுக்காமலேயே, பந்தலுக்குப் பக்கத்தில் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி, மூச்சுக்குள் கேட்டார்:

"லாரி எப்ப மேடம் வரும்?"

ரெண்டு வாரம் ஆகலாம் என்றேன். அப்படியே ஆயிற்று. வெயில் முந்திக்கொள்ளவில்லை. அந்த ரெண்டு வாரமும் காலனியில் மானுக்காக ஒரு கேட் கூடத் திறக்கவில்லை. ஏற்றியவை எல்லாம் உயிரோடு இறங்கின.

அன்று காலை அவரை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன். தொட்டிகளில் மிச்சமிருந்த சோடாத் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினேன். கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பினேன்.